நீலம் ஒட்டாத இரண்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் குடியிருக்கிறது. இதை நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் எங்கள் சலவைக் கடையின் அக்கம்பக்கத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். கறையைக் கண்டால் எனக்கு ஆகாது. கறை பட்ட துணியால்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது என்றாலும் ஆகாது. என் வீட்டுக்காரர் இதற்கு நேர்மாறு. வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவது அவர் வேலை, அதனால் விரல் பத்தும் எப்போதும் நீலமாகவே இருக்கும். அந்தக் கையோடு கதவைத் தொடுவார், சுவரைத் தொடுவார், தண்ணீர்ச் செம்பைத் தொடுவார். நான் பின்னாலேயே ஈரத் துணியோடு போய்த் துடைப்பேன், துடைத்துக்கொண்டே திட்டுவேன். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான்.

அன்றைக்குக் காலையில் பக்கத்துத் தெரு உணவகத்துக்கு மேசை விரிப்புகளைக் கொடுக்கப் போயிருந்தேன். ஒரு விரிப்பு குறைகிறது என்று அங்கிருந்த மேலாளர் என்னோடு மல்லுக்கு நின்றார். எங்கள் கடையில் ஒரு கைக்குட்டைகூடத் தொலைந்ததில்லை என்று நானும் விடாமல் கத்தினேன். கத்திக் கத்திப் பசி வந்ததுதான் மிச்சம். வீட்டுக்கு வந்தால், தொலைந்த விரிப்பைத் தோளில் போர்த்திக்கொண்டு இவர் துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"வந்துட்டியா? வா வா. இந்த மெஷினுக்கு நாம ஒரு நாளாவது நன்றி சொல்லியிருக்கோமா, சொல்லு. ஊர் அழுக்கையெல்லாம் தின்னுட்டுச் சும்மா நிக்குது, பாவம்" என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"குடிச்சீங்களா?"

"சேச்சே! சட்டைக் காலருக்கும் சொல்லணும். எத்தனை கழுத்தைத் தாங்கியிருக்கு!"

இந்த மனுஷன் குடிக்கிற ஆள் இல்லை. கிட்டே போய் மோந்து பார்த்தேன், வெங்காயமும் முட்டையும்தான் மணத்தன. அப்போதுதான் அந்த விரிப்பைச் சரியாகப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று நான் எடுத்து வைத்திருந்த விரிப்பில் வட்டவட்டமாகக் கறை. எனக்கு உச்சி மண்டை சூடாகிவிட்டது.

"என்னங்க இது கருமம்?"

"கருமமா? பூ! பாரு, எப்படி மூச்சு விடுதுன்னு."

உலுக்கி உலுக்கிக் கேட்டதில் விஷயம் துண்டு துண்டாக வந்தது. தெருமுனையில் புதிதாக ஒரு பூங்கா போட்டிருக்கிறார்கள். செடிகளுக்கு அடியில் மரத்துண்டுகளைக் கொட்டிப் பரப்பியிருக்கிறார்கள். மழைக்கு அதில் காளான் முளைத்திருக்கிறது. முந்தின நாள் ஒரு பை நிறையப் பறித்து வந்து, எனக்குத் தெரிந்தால் கத்துவேன் என்று தண்டுகளைக் கிள்ளிப்போட்டுவிட்டுத் தொப்பிகளை இந்த விரிப்பில் கவிழ்த்துப் பரப்பி, மேலே ஒரு தொட்டியையும் கவிழ்த்து மூடிவிட்டார். இன்று நான் அந்தப் பக்கம் போனதும் முட்டையோடு வறுத்துத் தின்றிருக்கிறார்.

"உனக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கேன். சுடச்சுட வறுத்துத் தரவா?"

"தெருவுல பொறுக்கினதை நான் வேற தின்னணுமா? எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்!"

நான் போட்ட சத்தத்துக்குச் சிரித்தபடியே எழுந்தார். போகிற போக்கில் அலமாரியிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து என் பைக்குள் திணித்தார். விரிப்பை மட்டும் கழற்ற மாட்டேன் என்றார். மகாராஜா மாதிரி போர்த்திக்கொண்டே வண்டியில் ஏறினார். வழியெல்லாம் விளக்குக் கம்பங்களுக்கு நன்றி சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். கருமணி இரண்டும் அகல விரிந்திருந்தன. நாடி பார்த்தார், ரத்தம் எடுத்தார். பிறகு கல்லூரியில் காளான் ஆராய்ச்சி செய்கிற ஒரு அம்மாவைப் போனில் கூப்பிட்டார். குட்டையாக, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். நான் அவருக்கு மனசுக்குள் காளானம்மா என்று பேர் வைத்தேன்.

"போதைக் காளான்தான் தின்னிருக்கார். அதுல எந்த ரகம்னு பாக்கணும்" என்றார். "சிவப்புக் குடை, மேல வெள்ளைப் புள்ளி, அப்படியா இருந்துச்சு?"

"நான் பாக்கவே இல்லைங்க. பழுப்புனு சொன்னார்."

"அப்ப அது இல்ல. சிவப்புக்குடை தின்னா தூக்கமும் உளறலுமா ஆளையே அமுக்கிடும், இப்படி உக்காந்து கொஞ்சிட்டிருக்க மாட்டார். சாணத்துலயா பறிச்சார்? சாணத்துல பொன்னிறத் தொப்பியோட ஒண்ணு வரும், தண்டுல மோதிரம் போட்ட மாதிரி இருக்கும்."

"இல்லைங்க, மரத்துண்டுல."

அவர் முகம் மாறியது. "மரத்துண்டுல வர்ற போதை ரகம் வெல்லப்பாகு நிறம், ஓரம் அலை அலையா நெளிஞ்சிருக்கும். காயக்காய வெளுக்கும். கை பட்டா அந்த இடம் நீலமாயிடும். அது மட்டும்னா சாயங்காலத்துக்குள்ள இறங்கிடும், பயமில்ல. ஆனா அதே மரத்துண்டுல, அதை ஒட்டியே இன்னொண்ணு வளரும். பழுப்புத் தொப்பி, பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அது விஷம்."

டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். "அந்த விஷம் உள்ள போயிருந்தா இப்ப ஒண்ணுமே தெரியாதும்மா. அப்புறம் வாந்தி, வயித்துவலி. நடுவுல குணமான மாதிரிகூட இருக்கும். ஆனா ஈரல் போயிட்டே இருக்கும்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இவர் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு பஞ்சுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். ஆயுசுக்கும் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர். நான் பேசின பேச்சுக்கெல்லாம் சேர்த்து அவர் சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தால் நான் என்ன செய்வேன்?

"பறிச்சதுல ஏதாவது மிச்சம் இருக்கா? தண்டு, துண்டு, எதுவானாலும்?" என்றார் காளானம்மா.

"இல்லைங்க. எல்லாத்தையும் இந்த விரிப்புல பரப்பி வெச்சுக் கறையாக்கினதுதான் மிச்சம். துவைக்கணும்" என்றேன். பதற்றத்தில் எனக்கு வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

"துவைக்கிறதா! தொடாதீங்க!" என்று பாய்ந்து வந்தார். இவரிடம் குழந்தையிடம் கேட்பது போலக் கெஞ்சி விரிப்பை வாங்கி மேசையில் விரித்தார். "இது கறை இல்லம்மா. காளானைக் கவுத்து வெச்சா அதோட விதைத்தூள் கொட்டும். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு நிறம். நாங்க காகிதம் போட்டு எடுக்கிறதை உங்க வீட்டுக்காரர் மேசை விரிப்புல எடுத்திருக்கார்."

குனிந்து ஒவ்வொரு வட்டமாகப் பார்த்துக்கொண்டே போனார். நானும் பின்னாலேயே பார்த்தேன். நாவல்பழச் சாறு காய்ந்த மாதிரி கருஞ்சிவப்பு ஊதா. அடுத்ததும் ஊதா. "போதை ரகம், போதை ரகம்" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தவர் ஓரத்தில் நின்றுவிட்டார். அங்கே இரண்டு வட்டங்கள் மட்டும் துருக்கறை நிறத்தில் இருந்தன. எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டு உள்ள போயிருக்குனு வெச்சுத்தான் வைத்தியம் தொடங்கணும்" என்று எழுந்தார்.

நான் இவர் கட்டிலுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"உனக்கு நான் நன்றியே சொன்னதில்ல, தெரியுமா? நீ துடைச்ச கதவுக்கெல்லாம் சேர்த்துச் சொல்றேன்."

"காளான் தின்னாத்தான் வாயில வருமோ இதெல்லாம்?" என்று கேட்டேன். கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

"அழாத. பசியா இருக்கியா? டப்பாவுல இருக்கே, தின்னியா?"

டப்பா! எனக்குச் சுரீரென்றது. வாசலில் காத்திருந்தபோது பசியில் பைக்குள் கைவிட்டு அந்த மூடியைத் தடவியதுகூட ஞாபகம் வந்தது. தெருவில் பொறுக்கியது என்ற வீம்பில்தான் திறக்காமல் விட்டிருந்தேன். ஓடிப்போய் மேசையில் வைத்துத் திறந்தேன். மடித்த கைக்குட்டைமேல் இரண்டு காளான் தொப்பிகள், பச்சையாக, பழுப்பாக, ஒரு அழுக்கு இல்லாமல் இருந்தன. கைக்குட்டையில் துருநிறத் தூள்.

காளானம்மா இடுக்கியால் ஒன்றை எடுத்து விரிப்பின் ஓரத்து வட்டத்தில் பொருத்தினார். பொத்தான் துளைக்குப் பொத்தான் போல உட்கார்ந்தது. மற்றதும் அப்படியே.

"தப்பிச்சார்" என்றார் நாற்காலியில் சாய்ந்து. பிறகு கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "அம்மா, இதை அவர் உங்களுக்குனா எடுத்து வெச்சார்?"

நான் தலையாட்டினேன். அவர் டப்பாவை மெல்ல மூடித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

அப்புறம் எனக்குக் காளான் தின்னாமலே நன்றி தலைக்கேறிவிட்டது. மல்லுக்கு நின்று என் வாயைக் கிளறிவிட்ட உணவக மேலாளருக்கு, துவைக்க நேரமில்லாமல் போன விரிப்புக்கு, காளானம்மாவுக்கு, டாக்டருக்கு, பாழாய்ப்போன என் கோபத்துக்கும்கூட மனசுக்குள் கும்பிடு போட்டேன். டாக்டரையும் காளானம்மாவையும் தனியே கூப்பிட்டு ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அந்த இரண்டு என்ன காளான் என்று இவருக்குச் சொல்லக் கூடாது. தெரிந்தால் மனுஷன் அந்த நினைப்பிலேயே உருகிப் போய்விடுவார். இருவரும் சரி என்றார்கள். காளானம்மா பூங்காக்காரர்களிடம் பேசி அந்த மரத்துண்டுகளை வாரச் சொல்வதாகவும் சொன்னார்.

சாயங்காலம் போதை இறங்கியது. ஆனாலும் சில நாள் அங்கேயே வைத்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுக்குக் கிளம்புகிற அன்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நன்றி சொன்னது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. பழையபடி திருதிருவென்று விழித்தார்.

"ரொம்பக் கோபமா?" என்றார்.

"பின்ன, கொஞ்சவா செய்வாங்க? இனிமே தெருவுல ஒரு புல்லைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன். ஆமா, எனக்குனு ரெண்டு எடுத்து வெச்சீங்களே, அது ஏன் அந்த ரெண்டு?"

அவர் வெட்கப்பட்டார். தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மத்ததுல எல்லாம் என் கை நீலம் ஒட்டிருச்சு. தண்டைக் கிள்ளக் கிள்ள நீலமா ஆகுது, கழுவினாலும் போகல. அந்த ரெண்டுலதான் ஒட்டவே இல்ல, சுத்தமா இருந்துச்சு. உனக்குத்தான் கறை ஆகாதே. அதான் கறைபட்டதை நான் தின்னுட்டு, அதை உனக்கு வெச்சேன்."

அந்த நீலக் கையைப் பிடித்து என் முகத்தில் வைத்துக்கொண்டேன். கன்னமெல்லாம் நீலமாகியிருக்கும், ஆகட்டும்.

"தின்னியா இல்லையா?" என்று விடாமல் கேட்டார்.

"வறுத்துத் தின்னேன், தின்னேன்" என்றேன். "நல்லாத்தான் இருந்துச்சு. உப்புதான் கொஞ்சம் கம்மி."