ஆவண அறையைத் திற என்ற நோயாளி

கண் மருத்துவமனைக்குப் புதிய பதிவு மென்பொருள் வந்த பிறகு, ஒலிபெருக்கி எந்தப் பெயரை வாசித்தாலும் அந்தப் பெயர் சொன்னபடி ஊழியர்கள் செய்தார்கள். பெரும்பாலான பெயர்கள் எதுவும் சொல்லவில்லை. அதனால் தொந்தரவு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பழுப்புச் சட்டைக்காரர் ஒருவர் பதிவு மேசைக்கு வந்தார்.

“பேர்?” என்றாள் எழுத்தர் தங்கமாரி.

“ஆவண அறையைத் திற.”

“இனிஷியல்?”

“கே.”

ஒலிபெருக்கி வாசித்தது. காவலாளி போய் ஆவண அறையைத் திறந்தார். பழுப்புச் சட்டைக்காரர் ஒரு கட்டுக் கோப்புகளை அள்ளிக்கொண்டு நிதானமாக வெளியேறினார். கோப்புகள் வாசலைத் தாண்டியதும், பெஞ்சில் இருந்த நோயாளிகளுக்குத் தங்கள் கண்களில் எது வலிக்கிறது என்பது மறந்துபோயிற்று.

கணினிப் பாதுகாப்பு அலுவலர் மங்கையர்க்கரசி இதை மாடிப்படியில் நின்று பார்த்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஓட்டையைப் பற்றி ஏழு கடிதம் எழுதியிருந்தாள். இயக்குநரைப் பார்க்கப் போனாள். நடைபாதை நேற்றைவிட நீளமாக இருந்தது.

“பேர் எழுதுற இடத்துல கட்டளையை எழுதுறாங்க சார். நம்ம ஆளுங்க அதைச் செய்யறாங்க. பேரைப் பேரா மட்டும் படிக்கணும். ரெண்டு வரி மாத்தினா போதும்.”

“அப்பா அம்மா வெச்ச பேரை நாம குறை சொல்லலாமாம்மா?”

“இப்படி யார் சார் பேர் வெப்பாங்க? எந்தக் கண்ணுன்னே தெரியாம உக்காந்திருக்காங்க.”

“டாக்டருங்க ரெண்டையும் பாத்துக்குவாங்க. நீங்க வெளில சொன்னாத்தான் அது ஓட்டை. அதுவரைக்கும் சுவர்.”

அவள் கதவை அறைந்து சாத்தினாள். கீழே பழுப்புச் சட்டைக்காரர் தள்ளுவண்டியோடு மறுபடியும் வரிசையில் நின்றார். மங்கையர்க்கரசி இறங்கி வந்து அவருக்கு முன்னால் நின்றாள். அவர் மரியாதையாக இடம் விட்டார்.

“பேர்?”

“என் பேர் உனக்குத் தெரியாதா?”

“வரிசைல நின்னா கேட்டாகணும்க்கா.”

“இனிமே பேரைப் பேரா மட்டும் படி.”

தங்கமாரி அதைத் தட்டச்சு செய்தாள். ஒலிபெருக்கி வாசித்தது. அடுத்து பழுப்புச் சட்டைக்காரரின் பெயர் வந்தது. காவலாளி எழவில்லை.

“ஆவண அறையைத் திற, மூணாம் நம்பர் ரூமுக்கு வாங்க,” என்றாள் நர்ஸ். அவரை உட்கார வைத்துக் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். மாலைவரை அவரால் ஓர் எழுத்தும் படிக்க முடியவில்லை.

அனுமதியில்லாமல் ஓட்டையைப் பயன்படுத்திய குற்றத்துக்காக, மங்கையர்க்கரசியை நீக்கி இயக்குநர் ஆணையிட்டார். அது ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது.

“உடனே வெளியேறு.”

“உடனே வெளியேறு யாருங்க?” என்றாள் நர்ஸ். மூன்று முறை அழைத்தாள். யாரும் எழவில்லை.

மங்கையர்க்கரசி நோட்டும் பேனாவுமாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் இருந்த பெரியவரிடம், எந்தக் கண் வலிக்கிறது என்று கேட்டாள்.

அவர் ஒவ்வொன்றாகப் பொத்திப் பார்த்தார்.

“முதல்ல இது என் கண்ணுதானான்னு சொல்லும்மா,” என்றார்.