ஓரத்துப் பெட்டி

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டப் பாடசாலைக்கு 2006இல் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. எழுபத்தைந்தாம் ஆண்டு மலரை அதில் எழுதும் வேலையை பாடசாலை அதிபர் வேலுசாமி, தர்மிளா டீச்சரிடம் கொடுத்தார். "மத்தவங்களுக்கு வீடு, புள்ளைங்கன்னு இருக்கு. உங்களுக்குத்தானே பின்னேரம் சும்மா இருக்கு டீச்சர்."

உண்மைதான். அம்மா இறந்து இரண்டு வருடம். தங்கை கொழும்பில். ஆசிரியர் குவார்ட்டர்ஸில் தர்மிளா மட்டும்.

கேகாலையிலிருந்து வந்த பயிற்சியாளர், "மே பெத்த, மே பெத்த" என்று சிங்களத்தில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் காட்டிவிட்டு அரை மணியில் பஸ் ஏறினார். திரையின் நடுவில் வெள்ளைத் தாள். இடப்பக்கம் தலைப்புகளின் பட்டியல். வலப்பக்க ஓரத்தில் குறிப்பு எழுத ஒரு சின்னப் பெட்டி. அவளுக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் இடப்பக்கப் பட்டியல் மறைந்துவிட்டது. எழுதியதெல்லாம் போயிற்றென்று உட்கார்ந்து அழுதாள். மறுநாள் கண்டதையும் அமுக்கிப் பார்த்ததில் அது திரும்பி வந்தது. பட்டியல்தான் மூடிக்கொண்டிருந்தது, எழுத்து அப்படியே இருந்தது. யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. பாடசாலையில் ஒருவருமில்லை. ஓரத்துப் பெட்டியில் தட்டினாள்: "நேத்து மடச்சி மாதிரி அழுதேன்."

பிறகு தினமும் எழுதினாள். "ரொட்டி கருகிப்போச்சு." "தங்கச்சி போன் எடுக்கல." "வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இன்னைக்குத்தான் வாய் திறந்து பேசினேன்." பெட்டியில் இருப்பது தாளில் வராது என்றே நம்பியிருந்தாள்.

மலர் முடிந்ததும் அதிபர் அதை டவுனுக்குக் கொண்டுபோய் அச்செடுத்து வந்தார். திங்கட்கிழமை அவர் மேசையில் கிடந்த தாள்களைத் தர்மிளா புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில், பொடி எழுத்தில், அவளுடைய வரிகள்.

அதிபர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கடைக்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது டீச்சர். ஓரத்துல உள்ளதை எடுத்துட்டுக் குடுங்க, திரும்ப அடிச்சுக்கலாம்." சற்றுப் பொறுத்து, "ஞாயித்துக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு நம்ம வீட்டுக்கு வாங்க. சம்சாரம் கூப்பிடச் சொன்னா" என்றார்.

அப்படியானால் அவர் மனைவியும் படித்திருக்கிறார். ஒவ்வொரு வரியாக அழிக்கும்போது காது மடல் எரிந்தது. போகக் கூடாது என்றுதான் சனிக்கிழமை வரை நினைத்திருந்தாள். ஞாயிறு காலையில் தலை வாரும்போதே தெரிந்துவிட்டது, போகத்தான் போகிறாள்.

கதவைத் திறந்த அதிபரின் மனைவி அந்தத் தாள்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வாங்க டீச்சர். எனக்குத் தோள்பட்டை வலி, இந்தத் தேங்காயக் கொஞ்சம் திருவிக் குடுக்கிறீங்களா?" என்று ஒரு மூடியைக் கையில் கொடுத்தார். திருவி முடிக்கும்வரை கோழி, மழை, மருமகள் என்று ஓயாமல் பேசினார். தர்மிளா இடையில் ஏதாவது சொல்ல வாயெடுத்தாள். பேச்சு சட்டென்று வரவில்லை. அந்த அம்மாள் அதைக் கவனிக்காதவர்போல அடுத்த மூடியை நீட்டினார்.