குறட்டை நின்ற நேரம்

என் கணவர் பேருந்து ஓட்டுநர். போன மாதம் சிவப்பு விளக்குக்கு வண்டியை நிறுத்தியவர், பச்சை விழுந்தும் நகரவில்லை. பின்னால் அத்தனை ஹாரன் அடித்தும் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாராம். பயணி ஒருவர் எழுந்து வந்து தோளை உலுக்கியிருக்கிறார். டாக்டர் சான்றிதழ் கொண்டுவரும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள்.

காரணம் எனக்குத் தெரியும் என்று குதித்தேன். போன்தான். ராத்திரியெல்லாம் மீன் பிடிக்கிற வீடியோ பார்ப்பார். மனிதர் வாழ்நாளில் ஒரு மீனைப் பிடித்ததில்லை. போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். பாவம், ஒன்பதரைக்கே படுத்து, படுத்த ஐந்தாவது நிமிடம் வீடு அதிரக் குறட்டை விட்டார். அப்படியும் காலையில் தலைவலி, பகலெல்லாம் கொட்டாவி. "திருட்டுத்தனமா வேற போன் வச்சிருக்கீங்களா?" என்றுகூடக் கேட்டேன். என் போன் மட்டும் என்னிடமே இருந்தது. என்னை யாரும் பேருந்து ஓட்டக் கூப்பிடவில்லையே!

டாக்டர் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்தனுப்பினார். விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய். ஒரு ராத்திரி வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கினார். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூப்பிடும்வரை வெளியே பெஞ்சில் காத்திருந்தோம்.

"தூக்கத்துல இவருக்கு மூச்சு நின்னு நின்னு வருதும்மா," என்றார் டாக்டர். "மணிக்கு நாப்பது தடவை. தொண்டை அடைச்சுக்குது. இது போன் பாத்து வந்ததில்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். மேலும் கீழுமாக ஓடிய கோடு ஓர் இடத்தில் தட்டையாகக் கிடந்தது.

"இருக்கறதுலயே நீளம் இதான். பதினொன்னு நாப்பத்திரண்டு. ஐம்பத்தெட்டு செகண்டு மூச்சே இல்ல. பக்கத்துல நீங்க ஒன்னும் கவனிக்கலையா?"

"அவ எப்படி கவனிப்பா டாக்டர்?" என்று இவர் எனக்காகப் பரிந்துகொண்டு வந்தார். "நாள் முழுக்க உழைக்கறவ. அந்நேரத்துக்கு அசந்து தூங்கிட்டிருப்பா."

அந்நேரத்துக்கு நான் தூங்கவில்லை. ஒரு முழம் தள்ளி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தேன். போனைத் திறந்தேன். அக்காவோடு ஒரு மணிவரை அரட்டை அடித்தது வரிசையாக இருந்தது. பதினொன்று நாற்பத்திரண்டுக்கு நான் அனுப்பியதும் இருந்தது.

"அப்பாடா, குறட்டை நின்னுடுச்சுக்கா. இனிமே நிம்மதியா பேசலாம்." கூடவே சிரிக்கிற முகம் மூன்று.

எத்தனை ராத்திரி அந்த அமைதி எப்போது வரும் என்று காத்துக்கிடந்திருக்கிறேன்!

தொண்டை அடைக்காமல் காற்றைத் தள்ளுகிற மாஸ்க் ஒன்றை மாட்டிக்கொண்டு தூங்கினால் சரியாகிவிடும், வண்டிக்கும் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் எதுவும் ஏறவில்லை.

"யாரும்மா மெசேஜ்ல?" என்று இவர் என் பக்கம் குனிந்தார்.

மறைக்கத் தெம்பில்லை. போனை அவர் கையிலேயே கொடுத்தேன். படித்தார். நேரத்தையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்:

"நீ முழிச்சிட்டா இருந்தே?"