டஜனுக்குப் பதிமூன்று

எங்கள் பிஸ்கட் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவுக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும், அதற்கு உள்ளேயே பரீட்சை வைத்து ஆள் எடுக்கப்போகிறோம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நான் அங்கேயே நின்று, அந்த நாற்காலி எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். பிரிவில் எனக்கு வைத்திருக்கும் பெயரே 'நூத்துக்கு நூறு'. யார் எதைக் கேட்டாலும் அப்படித்தான் பதில் சொல்வேன். மழை வருமா? நூத்துக்கு நூறு. வராவிட்டால் அது மழையின் தப்பு.

பரீட்சை முழுக்கக் கணக்கு என்பதைப் பலகையின் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். சதவீதம், விகிதம், லாப நஷ்டம், வயதுக் கணக்கு. எனக்கும் கணக்குக்கும் வெகுதூரம். ஆனால் வாயை விட்டாகிவிட்டது, இனி பின்வாங்கினால் மானம் போகும்.

அதே பிரிவில் வேலை செய்யும் என் மனைவியும் அன்று சாயங்காலம் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்குத் துணைக்காக எழுதுகிறாள் என்று நினைத்து, பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று தைரியம் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றி, வீங்கியிருந்த கால்களை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டாள். ஓவன் பக்கம் நின்று நின்று வந்த வீக்கம் அது.

"துணைக்கு இல்லங்க. எனக்கு அந்த வேலை வேணும்" என்றாள்.

சிரித்துவிட்டேன். ஒரு வீட்டில் யாராவது ஒருவர்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியும், அது மூத்தவனான நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளைவிட நான் இரண்டு வயது பெரியவன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் இந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். ரிமோட் யார் கையில், கடைசித் துண்டு கேக் யாருக்கு, பால் பொங்கியது யார் குற்றம் என்று எது வந்தாலும், "ரெண்டு வயசு பெரியவன் சொல்றேன்" என்பேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்துவிடுவாள்.

பழைய புத்தகக் கடையில் ஒரு கணக்குக் கையேடு வாங்கினோம். மலிவாகக் கிடைத்ததே என்று பூரித்துப்போய் வீட்டுக்கு வந்து பிரித்தால், பின்னால் இருக்கும் விடைப் பக்கங்களை எவனோ ஒரு புண்ணியவான் கிழித்துக்கொண்டு போயிருந்தான். என்ன செய்வது? இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்தால் அது சரி, வேறு வேறாக வந்தால் சண்டை என்று முடிவு செய்தோம். சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம்.

முதல் சண்டை சதவீதத்தில் வந்தது. ஒன்றை இருபது சதவீதம் கூட்டி, பிறகு இருபது சதவீதம் குறைத்தால் பழைய இடத்துக்கே வரும் என்றேன் நான். வராது, குறையும் என்றாள் அவள். இருபது கொடுத்து இருபது வாங்கினால் எங்கே குறையும் என்று மேஜையைத் தட்டினேன். அவள் பொறுமையாக என் எடையையே எடுத்துக்கொண்டாள். இப்போது எண்பது கிலோ. இருபது சதவீதம் கூடினால் தொண்ணூற்றாறு. அந்தத் தொண்ணூற்றாறில் இருபது சதவீதம் குறைத்தால் எழுபத்தாறு கிலோ எண்ணூறு கிராம்.

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். தோற்றதற்காக அல்ல. உடம்பைக் குறைக்க இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது டாக்டர் எதற்கு என்னை நடக்கச் சொல்கிறார்? முதலில் இருபது சதவீதம் ஏறிக்கொண்டு, அப்புறம் அதே இருபது சதவீதம் இறங்கினால் மூன்று கிலோவுக்கு மேல் சுத்த லாபம். மறுநாளே முதல் பாதியைத் தொடங்கிவிட்டேன். மாவு மூட்டை நிறுக்கும் தராசில் எண்பத்து நாலு காட்டியபோது என் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து ஓவன் பக்கம் போய் விழுந்தது. அதோடு மனைவி என் தட்டைப் பாதியாக்கிவிட்டாள். இன்றுவரை இரண்டாம் பாதியை நான் ஆரம்பிக்கவில்லை.

லாப நஷ்டம் வந்தபோது என் நிம்மதியே போயிற்று. ஒரு துணி வியாபாரி விலையை நாற்பது சதவீதம் ஏற்றி எழுதிவிட்டு, இருபத்தைந்து சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறானாம். அப்படியும் அவனுக்கு ஐந்து சதவீதம் லாபம் நிற்கிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த வாரம் கடைத்தெருவில் தள்ளுபடிப் பலகை வைத்திருந்த ஒரு கடைக்குள் போய், நீ முதலில் எத்தனை ஏற்றினாய் என்று கேட்டேன். மனைவி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். பரீட்சையில் வியாபாரியைத் திட்டினால் மார்க் கிடையாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

விகிதத்துக்கு அவளே ஒரு கணக்கு எழுதினாள். ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் வேலைகளை இரண்டுக்கு ஏழு என்ற விகிதத்தில் செய்கிறார்கள். மொத்தம் பதினெட்டு வேலைகள். கணவன் செய்வது எத்தனை? இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. விகிதமே பொய் என்று வாதாடினேன்.

"கணக்குல கொடுத்தத ஒத்துக்கணும்ங்க. சரியா தப்பான்னு கேக்கக் கூடாது" என்றாள்.

நாலு என்று எழுதினேன். அந்த நாலு என்னென்ன என்றும் கேட்டாள். குப்பை கொட்டுவது, தண்ணீர் பிடிப்பது, கதவைப் பூட்டுவது என்று மூன்று சொன்னேன். நாலாவதற்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பூட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று அவள் வேறு கேட்டுவைத்தாள்.

பழிக்குப் பழி வாங்க வயதுக் கணக்கை நான் எடுத்துக்கொண்டேன். கணவன் மனைவியைவிட இரண்டு வயது மூத்தவன், இருவர் வயதின் கூடுதல் எழுபத்தெட்டு, தனித்தனி வயது என்ன என்று எழுதி அவள் முன்னால் தள்ளினேன். மற்ற கணக்குகளை நான் பென்சில் சீவுவதற்குள் போட்டுவிடுகிறவள், இதில் மட்டும் முழித்தாள். பென்சிலைக் கடித்தாள், எழுந்து போய் மூடியிருந்த ஜன்னலை மூடினாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். இரண்டைக் கழித்துப் பாதியாக்கு என்று பெருந்தன்மையோடு வழி சொன்னேன்.

"கொடுத்தத ஒத்துக்கணும், அவ்வளவுதானே" என்று முணுமுணுத்துக்கொண்டே நாற்பது, முப்பத்தெட்டு என்று எழுதினாள். அவள் வயதுக் கணக்கில் வீக் என்று நான் அன்றைக்கு முடிவு கட்டினேன்.

பரீட்சையைத் தொழிற்சாலைக் கேன்டீனில் வைத்தார்கள். எழுத வந்த எல்லோரையும் ஆளுக்கொரு மேஜையில் உட்கார வைத்தார்கள். நான் கை கழுவும் தொட்டி ஓரம், அவள் இன்னொரு கோடியில் சமையலறைக் கதவு ஓரம். கேள்விகளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்தில் விசிலடிக்கத் தோன்றியது. எல்லாம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் சண்டை போட்டுத் தீர்த்த கணக்குகளின் அண்ணன் தம்பிகள். பிஸ்கட் வியாபாரி ஒருவனைப் பற்றிய கணக்குக்கூட வந்திருந்தது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன்.

அந்த வாரக் கடைசியில் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத புது மேனேஜர். எங்கள் விடைத்தாள்களைப் அருகருகே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு பேருக்கும் ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது என்றார். மற்றவர்கள் யாரும் முப்பதைத் தாண்டவில்லையாம். நான் கைகுலுக்கத் தயாராக எழுந்தேன். அவர் உட்காரச் சொன்னார்.

போன அந்த ஒரு மார்க் இரண்டு பேருக்கும் ஒரே கணக்கில் போயிருந்தது. அதுவும் ஒரே தப்பு விடை. ஒரு டஜன் பிஸ்கட்டை அறுபது காசுக்கு வாங்கி, ஒவ்வொன்றையும் ஆறு காசுக்கு விற்றால் லாபம் எத்தனை சதவீதம்? இருபது என்பதுதான் விடை. நாங்கள் இருவரும் முப்பது என்று எழுதியிருந்தோம். கேன்டீனின் இரண்டு கோடியில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் காப்பி அடித்தீர்கள் என்று அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

நான் கொதித்துப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி விளக்கிவிட்டாள். எங்கள் பேக்கிங்கில் டஜன் என்றால் பதிமூன்று. வண்டியில் போகும்போது ஒன்று உடையும் என்பதால் பெட்டிக்கு ஒன்று சேர்த்து வைப்பதுதான் வழக்கம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கை அப்படித்தான் பழகியிருக்கிறது. பதிமூன்றை ஆறு காசுக்கு விற்றால் எழுபத்தெட்டு, அறுபது போக லாபம் பதினெட்டு, ஆகவே முப்பது சதவீதம். மேனேஜர் விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்தப் பதிமூன்று தலைமை அலுவலகத்துக்குத் தெரியுமா என்று மெல்லக் கேட்டார். எங்களுக்குத் தெரியாது என்றோம்.

காப்பிப் பேச்சு அதோடு போயிற்று. மிஞ்சியது நாற்காலி. மார்க் சமமாக இருந்தால் முதலில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு என்பது விதி. நாங்கள் கல்யாணமான கையோடு ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அதுவும் சமமென்றால் வயதில் மூத்தவருக்கு என்று மேனேஜர் படித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு வயது பெரியவன் என்று அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தேன்.

அவள் முகம் வெளுத்திருந்தது. முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு மேனேஜரைப் பார்த்து, "நான்தாங்க மூத்தவ" என்றாள்.

பிறந்த தேதியையும் வருடத்தையும் சொல்லி, வேலைக்குச் சேரும்போது கொடுத்த சர்டிபிகேட்டிலும் அதுதான் இருக்கிறது என்றாள். மேனேஜர் என்னுடையதையும் கேட்டு, இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கழிக்க ஆரம்பித்தார். அவர் கடன் வாங்குவதற்குள் நான் மனக்கணக்காகவே போட்டுவிட்டேன். பயிற்சியின் பலன். அவளுக்கு நாற்பத்து மூன்று. எனக்கு மூன்று வயது மூத்த அக்கா.

கைகுலுக்கல் அவளுக்குப் போயிற்று. நாங்கள் இருவரும் வாசல்வரை நடந்தோம். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலி போனதற்கா, இத்தனை வருஷமாக நான் பெரியவன் பெரியவன் என்று மார்தட்டியதை அவள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்ததற்கா என்று எனக்கே புரியவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எங்கள் வீட்டார் பெண் கேட்டுப் போனபோது, பையனைவிடப் பெண்ணுக்கு இரண்டு வயதாவது குறைவாக இருக்க வேண்டும் என்று என் அம்மா கறாராகச் சொல்லியிருக்கிறார். பையனுக்கு இருபத்தைந்து என்றும் சொல்லியிருக்கிறார். இவள் அந்த இடத்திலேயே இரண்டைக் கழித்து, தனக்கு இருபத்து மூன்று என்று சொல்லிவிட்டாள்.

"எனக்கு அப்ப இருபத்தெட்டு. நீங்க வேணும்னு அஞ்சு வயச விட்டேன். இப்ப இந்த வேலையும் வேணும். கால் ரொம்ப வலிக்குதுங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சொன்னா நீங்க என்னை வெறுத்துடுவீங்கன்னு தெரியும். இருந்தாலும் சொல்லிட்டேன்."

என் ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. உலகம் தெரியாத இருபத்து மூன்று வயதுப் பெண் ஒன்றும் தெரியாமல் எனக்குத் தலையாட்டிவிட்டாள் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக அவ்வப்போது அவளைப் பார்த்துப் பாவப்பட்டதும் உண்டு. இருபத்தெட்டு வயதில், எல்லாம் தெரிந்து, கண்ணைத் திறந்துகொண்டு, பொய் சொல்லியாவது என்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒருத்தி நினைத்திருக்கிறாள். என்னை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே என்னைத்தான் வேண்டும் என்று நினைத்தாயா என்று இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை ஆமாம் என்றாள். இரண்டாவது தடவை, கேட்டில் ஆட்கள் பார்க்கிறார்கள், பேசாமல் வாருங்கள் என்றாள்.

திங்கட்கிழமை காலை பேக்கிங்கில் யாரும் கேட்காமலேயே நான் எல்லோரிடமும் போய்ச் சொன்னேன். என் மனைவி என்னைவிட மூன்று வயது மூத்தவள், என்னை அடைவதற்காக ஐந்து வயதைக் குறைத்துச் சொன்னவள் என்று பிஸ்கட் நகர்ந்து வரும் பெல்ட் ஓரமாகவே நடந்து ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை, மீதிப் பேர் இவனுக்காகவா என்று கேட்டார்கள். இவனுக்காகத்தான், நூத்துக்கு நூறு என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது, நீலக் கோட்டுப் போட்ட புது சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றாள். பெல்ட் நிரம்பி பிஸ்கட் கீழே கொட்டுகிறது, கதையை நிறுத்திவிட்டு அடுக்குங்கள் என்றாள். அடுக்கினேன்.