கை தூங்கும் நேரம்

பதினேழு சிவப்பு. போன வாரக் கணக்கு அது. திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அந்தக் கடிதத்தைத்தான் அனுப்பியிருந்தார்கள், "அன்புள்ள பணியாளரே" என்று தேன் தடவி.

என் வேலை அப்படியொன்றும் ராணுவ ரகசியம் இல்லை. வாஷிங் மெஷினும் ஃப்ரிட்ஜும் விற்கிற கம்பெனி. வாங்கியவர்கள் புகாரை டைப் செய்து அனுப்புவார்கள், நான் பதிலை டைப் செய்து அனுப்புவேன். தண்ணீர் வடியவில்லை, மூடி திறக்கவில்லை, ஆள் வருவதாகச் சொல்லி மூன்று நாளாகிறது. நடுநடுவே, "நீ மனுஷியா, மெஷினா?" என்றும் கேட்பார்கள். மனுஷிதான் என்று பதில் போடுவேன். இப்போதெல்லாம் அதற்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மூன்று மாதத்துக்கு முன்னால், வீட்டிலிருந்து வேலை பார்க்கிற எல்லோருடைய லேப்டாப்பிலும் கண்காணிக்கிற சாமான் ஒன்றை ஏற்றினார்கள். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறு வரை, சாப்பாட்டு இடைவேளை தவிர, கேமரா திறந்தே இருக்கும். பக்கத்தில் கடுகளவு பச்சை விளக்கு எரியும். முகம் இரண்டு நிமிடம் காணாமல் போனால் ஒரு சிவப்பு. பின்னால் வேறு யாராவது தெரிந்தால் ஒரு சிவப்பு. கையில் போன் இருப்பதாக அதற்குத் தோன்றினால் ஒரு சிவப்பு. வாரத்தில் பத்தைத் தாண்டக் கூடாது. மொத்தம் மூன்று வாரம் தாண்டிவிட்டால் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அனுமதி ரத்து, ஆபீசுக்கு வந்துவிட வேண்டும். எனக்கு இது இரண்டாவது வாரம்.

பதினேழும் போன் வைத்திருந்ததற்கான சிவப்பு. என் போன் அலமாரிக்குள் கிடந்தது. என் கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். அது என் மகளோடு பேசிக்கொண்டிருந்தது.

என் மகளுக்கு நான்கரை வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். பிறந்ததிலிருந்து காது கேட்காது. மெஷின் வைத்தும் பார்த்தோம், பலனில்லை. அதனால் கைமொழி. நான் இரண்டு வருடமாக வகுப்புக்குப் போய்ப் படித்து, இப்போது அவளோடு சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டேன். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். காலை ஐந்து மணிக்குப் போனால் ராத்திரி எட்டுக்கு வருவார். அவருக்கு நாற்பது வார்த்தை தெரியும், அதிலும் பாதி வண்டியைப் பின்னால் எடுக்கிறவர் காட்டுகிற சைகை மாதிரி இருக்கும். பகலில் வாலுவைப் பார்த்துக்கொள்வது என் நாத்தனார். அவருக்குத் தெரிந்தது நான்கே வார்த்தை: சாப்பிடு, தூங்கு, வா, கூடாது. இந்த நான்கை வைத்தே ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கிவிடலாம் என்பது அவர் கட்சி.

வகுப்பு டீச்சர் மட்டும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "இவ கண்ணு முன்னாடி நாள் பூரா யாராவது பேசிட்டே இருக்கணும்மா. பேச்சு பிடிக்கிற வயசு இது. இப்ப விட்டா அப்புறம் ரொம்ப கஷ்டம்." அந்த யாராவது நான்தான். வேறு ஆள் கிடையாது. ஆபீஸ் போக ஒன்றரை மணி நேரம், திரும்பி வர ஒன்றரை மணி நேரம். போக ஆரம்பித்தால் அவள் எழுவதற்குள் கிளம்பி, அவள் கண் சொருகும் நேரத்துக்குத்தான் வந்து சேருவேன். வேலையை விட்டுவிடலாமே என்று கேட்கிறவர்கள், எங்கள் வாடகையைக் கட்டிவிட்டுக் கேட்கட்டும்.

வாலு உட்காரும் இடம் லேப்டாப்புக்குப் பின்னால், ஜன்னல் ஓரம். அங்கே ஒரு பாயும் அவளுடைய விளையாட்டுக் கட்டைகளும் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் என் முகமும் கையும் தெரியும், கேமராவில் அவள் விழமாட்டாள். நான் ஒரு பதிலை அனுப்பிவிட்டு அடுத்தது வருவதற்குள் இரண்டு வார்த்தை பேசுவேன். அவள் நாலு கேள்வி கேட்பாள். ஜன்னலில் வந்து உட்காரும் காக்கைக்கு ஏன் ஒரு கால் நொண்டுகிறது, பெரியப்பா மண்டையில் ஏன் முடி இல்லை, மழைக்கு வலிக்குமா. கேமராவுக்கு இதெல்லாம் தெரியுமா? ஒருத்தி காற்றில் கையை ஆட்டுகிறாள், போன் வைத்திருக்கிறாள், போடு சிவப்பு.

கடிதம் வந்த அன்றைக்கே என் சூப்பர்வைசர் வீடியோவில் வந்தார். எங்கள் குழுவில் அவருக்குப் பல்லி என்று பெயர். எந்நேரமும் எங்கள் தலைக்கு மேலேயே ஒட்டிக்கொண்டிருப்பார்.

"மேடம், ரெண்டு வாரம் ஆச்சு. நீங்க சீனியர். நீங்களே இப்படின்னா எப்படி?"

"சார், போன் இல்ல சார் அது. என் பொண்ணுக்குக் காது கேக்காது. கையாலதான் பேசணும். நீங்களே ரெக்கார்டிங் பாருங்க."

"பாத்தேன் மேடம். எனக்குப் புரியுது. ஆனா சிஸ்டத்துக்குப் புரியணுமே."

"சர்டிபிகேட் அனுப்பியிருக்கேனே."

"அது உங்க பொண்ணோட சர்டிபிகேட். ஸ்டாஃப்புக்கு ஊனம்னா ஒரு கட்டம் இருக்கு, அதுல டிக் போட்டா கொஞ்சம் தள்ளுபடி உண்டு. உங்களுக்குக் காது நல்லா கேக்குதே."

நல்லாத்தான் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்த நிமிஷம் கேட்காமல் இருந்திருந்தால் தேவலை.

"அப்ப நான் என்ன பண்றது சார்?"

"கையை கீபோர்டுல வைங்க. அவ்வளவுதான். வேலை நேரத்துல குழந்தைகூட பேசணும்னு கம்பெனி சொல்லலையே. எனக்கும் மேல ஆள் இருக்கு மேடம், என் வயித்துல அடிக்காதீங்க."

அவர் வீடியோவை அணைத்ததும் ஒரு பாட்டம் அழுதேன். அழுவதற்கும் முகத்தைத் திருப்ப முடியாது, இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் அதற்கும் சிவப்பு. கேமராவைப் பார்த்தபடியே, புகாருக்குப் பதில் அடித்தபடியே அழுதேன். வாலு பாயில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு என்னென்னவோ செய்து பார்த்தேன். மேஜைக்கு அடியில் கையை வைத்துப் பேசினேன், அவளுக்குத் தெரியவில்லை. ஒற்றைக் கையால் பேசினேன், பாதி வார்த்தை அரைகுறையாகி அவள் உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் நானே ஒரு புது வார்த்தை கண்டுபிடித்தேன். அந்த மகா புத்திசாலித்தனத்துக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். அவளைக் கூப்பிட்டுப் பச்சை விளக்கைக் காட்டினேன். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துவிட்டு, அப்படியே தொடைக்கு அடியில் செருகிக்கொண்டேன். லைட் எரியுதா, கை தூங்குது. லைட் போச்சா, கை எழுந்துடும். அப்போ பேசலாம்.

அவளுக்கு ஒரே சிரிப்பு. கையைத் தூங்க வைப்பது புது விளையாட்டாக இருந்தது. முதல் இரண்டு நாள் நடுநடுவே மறந்து கையைத் தூக்குவாள். நான் கண்ணாலேயே விளக்கைக் காட்டுவேன். நாக்கைக் கடித்துக்கொண்டு கையைத் திரும்பத் தொடைக்கு அடியில் வைத்துவிடுவாள். மூன்றாம் நாளிலிருந்து காட்ட வேண்டியதே இல்லை.

அந்த வாரம் நான்கு சிவப்பு. அடுத்த வாரம் ஒன்று. அதற்கடுத்த வாரம் ஒன்றுகூட இல்லை. குழுவின் பொதுப் பக்கத்தில் பல்லி என் பணியாளர் எண்ணைப் போட்டுக் கைதட்டுகிற பொம்மை ஒன்றும் ஒட்டியிருந்தார். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது, பொய் சொல்வானேன். நாத்தனாரும் மெச்சினார்.

"இப்பதான் பிள்ளை அடங்கியிருக்கு. முன்னயெல்லாம் காலையிலேருந்து கையை ஆட்டி ஆட்டி உன்னை ஒரு வழி பண்ணும்."

"ஆமா அண்ணி," என்றேன்.

அதற்கடுத்த புதன்கிழமை. காலையில் தலை வாரும்போது, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த வாலு சிணுங்கினாள். நேரம் ஒன்பது இருபது. முடி இழுபடுகிறது என்று நினைத்து, அவசரமாகப் பின்னிவிட்டு வந்து உட்கார்ந்தேன். விளக்கு எரிந்தது. அவளும் வந்து பாயில் உட்கார்ந்தாள். கட்டைகளைத் தொடவில்லை. கையைத் தூங்க வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமர்த்து என்று நினைத்தேன். ஒருமுறை சிரிக்கவும் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

அப்படியே மூன்றரை மணி நேரம்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை விட்டு விளக்கு அணைந்தது. அணைந்த கணத்தில் அவள் இரண்டு கையையும் உருவி எடுத்தாள். வலி, என்றாள். காது, என்றாள். திரும்பவும் வலி, வலி என்றாள். அப்புறம்தான் அழுகையே வந்தது. நெற்றியைத் தொட்டால் கொதித்தது. கேட்காத காதுக்கும் வலி உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

எப்போதிருந்து, என்று கேட்டேன். தலை பின்னும்போது, என்றாள். ஏன் சொல்லவில்லை, என்று கேட்டேன். அணைந்து கிடந்த விளக்கைக் காட்டினாள். அப்புறம் திரையைக் காட்டி, மூக்குக்குமேல் கண்ணாடி மாட்டுகிற மாதிரி செய்தாள். பல்லியைத்தான் சொல்கிறாள், அவர் கண்ணாடி போட்டவர். அந்த மாமா திட்டுவார், அம்மா அழும், என்றாள்.

அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

டாக்டரிடம் நாத்தனாரை அனுப்ப முடியாது. எங்கே வலிக்கிறது, குத்துகிறதா, அடைக்கிறதா என்று டாக்டர் கேட்டால் வாலுவிடம் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். பல்லிக்குப் போன் போட்டேன்.

"சார், பொண்ணுக்குக் காய்ச்சல். அரை நாள் லீவு வேணும்."

"முந்தின நாளே போடணுமே மேடம். இப்ப போட்டா சிஸ்டம் எடுக்காது. வீட்ல வேற யாரும் இல்லையா?"

"இருக்காங்க. அவ சொல்றது அவங்களுக்குப் புரியாது."

"நல்லா போயிட்டிருக்கீங்க, கெடுத்துக்காதீங்க. ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். ஆறு மணிக்குக் கூட்டிட்டுப் போங்களேன்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். போனை வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். லேப்டாப்பை அப்படியே திறந்து போட்டுவிட்டுப் போனேன்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "சீழ் கோத்திருக்கு. காலையிலேருந்தே நல்லா வலிச்சிருக்குமே. குழந்தை சொல்லலையா?"

"சொல்லல டாக்டர்," என்றேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வது?

திரும்பி வரும்போது மணி நாலு. காலி நாற்காலிக்கு ஐம்பதுக்கு மேல் சிவப்பு விழுந்திருந்தது. ஐந்து மணிக்குக் கடிதமும் வந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து ஆபீஸ். இதற்கு மட்டும் முந்தின நாளே போட வேண்டியதில்லை போலிருக்கிறது.

ராத்திரி வீட்டுக்காரர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "மதிய ஷிஃப்ட் கேட்டுப் பாக்கறேன். நான் கத்துக்கறேன், நீ சொல்லிக் கொடு," என்றார். நாற்பது வார்த்தை நானூறாக எத்தனை மாதம் ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவரும் அதையேதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

மிச்சம் வியாழனும் வெள்ளியும். இனி எனக்குப் போக என்ன இருக்கிறது? சிவப்பு ஆயிரம் விழட்டும், இரண்டு நாளும் அவளோடு வாய் ஓயாமல், கை ஓயாமல் பேசித் தீர்ப்பது என்று முடிவு செய்தேன். வியாழக்கிழமை மருந்து உள்ளே போய்க் காய்ச்சல் இறங்கியிருந்தது. ஒன்பதரைக்கு விளக்கு எரிந்ததும் முதல் வேலையாக இரண்டு கையையும் உயரத் தூக்கி, வலி இருக்கா, என்று கேட்டேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இல்லையாம்.

காக்கை வந்திருக்கு பார், என்றேன். பார்த்தாள். கால் சரியாயிடுச்சா, என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். கை தூங்கல, முழிச்சிடுச்சு, இனிமே லைட் எரிஞ்சாலும் பேசலாம், மாமா திட்ட மாட்டார், அம்மா அழாது என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கை மட்டும் தொடைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. திரையில் யாரோ ஒருவர், "ஹலோ, யாராவது இருக்கிறீர்களா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் ஒயருக்குச் சுற்றும் கறுப்பு டேப் ஞாபகம் வந்தது. ஒரு துண்டு கிழித்து அந்தப் பச்சை விளக்கின் மேல் ஒட்டினேன். லைட் போச்சு, என்று கையை விரித்துக் காட்டினேன்.

அவள் எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள். என் மடியில் ஒரு கையை ஊன்றி எக்கி, நகத்தால் டேப்பின் ஓரத்தை மெல்ல உரித்துப் பார்த்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னைத் திட்டவும் இல்லை, முறைக்கவும் இல்லை. டேப்பை முன்போலவே ஒட்டி விரலால் அழுத்திவிட்டாள். பிறகு தன் பாய்க்குத் திரும்பிப் போய், உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.