ரங்கநாதனைத் திட்டியவர்கள்

ரங்கநாதன் என்று ஒருவன் இந்த உலகத்தில் கிடையாது. தேவசேனா தன் தொடர்கதைக்காகக் கைப்பேசியில் தட்டித் தட்டி உண்டாக்கிய ஆள் அவன். சித்தூரில் வங்கி வேலை, சொந்தக் கார், படித்த மனைவி பவ்யா. இல்லாத அந்த மனுஷனை வேலூரிலிருந்தும் கோவையிலிருந்தும் துபாயிலிருந்தும் ஜனங்கள் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார்கள். அப்படி என்ன செய்துவிட்டான்? குடிக்கவில்லை, கை நீட்டவில்லை, இன்னொருத்தி வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மனைவி வேலைக்குப் போகிறேன் என்றபோது சிரித்தான். "உனக்கு என்ன குறை வச்சேன்?" என்று கேட்டான். அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியை நிஜத்தில் கேட்டவன் முனிகிருஷ்ணன், தேவசேனாவின் கணவன். ஆந்திர எல்லையோரத்து நகரியில், எரிந்துபோன விசைத்தறி மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். போன வருஷம் திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் தேடினார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் நோயாளிகளிடம் விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும், டாக்டர் சொல்வதை அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். அங்கே வேலை பார்க்கும் பக்கத்துத் தெரு சபீனா வந்து சொன்னபோது, இது தனக்கென்றே வந்த வேலை என்று தேவசேனாவுக்குத் தோன்றியது. திருத்தணியில் பிறந்து தமிழில் படித்துவிட்டு எல்லை தாண்டி வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். இந்த ஊரில் அவளுடைய படிப்பை யாராவது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

முனிகிருஷ்ணன் சிரித்தான். "ட்ரெயின்ல தொங்கிக்கினு திருப்பதிக்குப் போய் இன்னா பண்ணப் போற? உனக்கு இன்னா கொறை வச்சேன்?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சிரிக்கிறவனிடம் என்ன சண்டை போடுவது? அவன் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனான். அந்த வாரமே அவள் ஒரு கதைச் செயலியில் பெயரைப் பதிந்து முதல் பகுதியை எழுதினாள். யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாதென்று காயில் கட்டுகிறவனை வங்கிக்காரனாக்கினாள், பழைய பைக்கைக் காராக்கினாள். அந்தக் கேள்வியை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. மனைவியிடம் மரியாதையாகப் பேசும் வங்கிக்காரனுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் இஸ்திரி போட்டு வைத்தாள், அவ்வளவே.

அவள் எழுதுவது முனிகிருஷ்ணனுக்குத் தெரியும். தெரிவதென்ன, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "எங்க வீட்ல அது கதை எழுதுது" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான். ஆனால் தமிழில் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. நகரியில் இது சகஜம். தமிழில் சண்டை போடுவார்கள், தமிழ்ப் பாட்டுக் கேட்டுக் கண் கலங்குவார்கள், பஸ்ஸின் நெற்றியில் தமிழில் ஊர் பெயர் இருந்தால் மட்டும் பக்கத்தில் நிற்பவரை விசாரிப்பார்கள். அதனால் மத்தியானம் சோற்றுக்கு வரும்போதெல்லாம் அவள் படிக்க வேண்டும், அவன் தின்றுகொண்டே கேட்பான்.

அந்தக் கேள்வி வரும் இடத்தை முதன்முதலாகப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவன் ரசம் ஊற்றச் சொன்னான். பிறகு, "கார் வச்சிக்கினு கீறான், புத்தி இல்ல பாரு அவனுக்கு" என்றான்.

அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. எது அதிகம் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அவனுக்குக் கதையைவிட ருசித்தது கதைக்குக் கீழே வந்த வாசகர் பேச்சுதான். அது தனி உலகம். மழைத்துளி என்ற பெயரில் ஒருத்தி எந்தப் பகுதி வந்தாலும் "டைவர்ஸ் பண்ணிடு பவ்யா" என்று எழுதுவாள், பவ்யா காப்பி போடும் பகுதிக்கும் அதையேதான் எழுதினாள். வேலூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சமுதாயத்தில் பெண்மை என்ற தலைப்பில் கதையைவிட நீளமாக எழுதுவார். ஒருவர் ரோஜாப்பூ மட்டும் போட்டுவிட்டுப் போவார். ஒருநாள் யாரோ ஒரு ஆண், பெண்கள் வேலைக்குப் போய்த்தான் குடும்பம் கெட்டது என்று எழுதப் போக, சாயங்காலத்துக்குள் பெண்கள் கூடி அந்த ஆளை ஊரைவிட்டே துரத்தினார்கள். இன்னொரு பெண் மெதுவாக, வீட்டிலேயே சோறு கிடைக்கும்போது பவ்யாவுக்கு எதற்கு அலைச்சல் என்று கேட்டிருந்தாள். அவளையும் விடவில்லை.

காட்டமானவற்றைத் தேவசேனா முதலில் தாண்டித்தான் படித்தாள். அவள் இழுத்துப் படிப்பதைக் கவனித்துவிட்டு, விட்டதையும் படி என்றான் அவன். ரங்கநாதனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று ஒருத்தி எழுதியிருந்ததைப் படித்தாள். அவனுக்கு அன்றைக்கு இன்னொரு கரண்டி சோறு கூடவே இறங்கியது.

கேட்டுக் கேட்டுத் தானும் நாலு வார்த்தை போட வேண்டுமென்று அவனுக்கு ஆசை வந்துவிட்டது. படிக்கத் தெரியாவிட்டால் என்ன, மைக்கை அழுத்திப் பேசினால் கைப்பேசி தானாக எழுதிக்கொள்கிறதே. நகரி முனி என்று தன் கைப்பேசியில் ஒரு கணக்கு தொடங்கிக்கொண்டு, கை கழுவிய ஈரத்தோடு பேசினான்.

"யோவ் ரங்கநாதா, இன்னா கொறை வச்சேன்னு கேக்கறியே, அது மாட்டுக்காரன் கேக்கற கேள்வி. வைக்கோலு போட்டு தண்ணி காட்டிட்டா மாடு ஒண்ணும் பேசாது. அது பொம்பளய்யா. அவளுக்கு இன்னா வேணும்னு அவளக் கேளு."

தேவசேனா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு தெளிவாக அவளேகூட எழுதவில்லை.

அந்த வார்த்தைகள் பிய்த்துக்கொண்டு போயின. அந்தக் கதைக்கு வந்த பேச்சிலேயே அதிகம் பேருக்குப் பிடித்தது நகரி முனி சொன்னதுதான். நூற்றுக்கணக்கில் இதயங்கள். மறுநாள் மத்தியானம் பதில்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னான். மழைத்துளிகூட டைவர்ஸை மறந்துவிட்டு எழுதியிருந்தாள்: "அண்ணா, உங்க மனைவி கொடுத்து வச்சவங்க."

அதைத் தேவசேனா தன் வாயால் படித்தாள். அவன் கையில் உருட்டிய சோற்றுடன் அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். கேட்டுக்கொண்டாயா என்கிற மாதிரி. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய், வேலை எதுவும் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றாள். அழுகை வரவில்லை. சிரிப்புதான் வந்தது, அதுவும் நல்ல சிரிப்பு இல்லை.

அந்த வாரக் கடைசியில் சபீனா மறுபடி வந்தாள். போன வருஷம் சேர்ந்த பெண் கல்யாணமாகி ஓசூருக்குப் போகிறாளாம், இடம் காலியாகிறது. திங்கட்கிழமை வர முடியுமா முடியாதா என்று இன்றைக்கே சொல்ல வேண்டும், இனிமேல் இப்படி ஒன்று வாய்க்காது என்றாள்.

அன்று மத்தியானம் அவள், சபீனா போனதும் எழுதிய புதுப் பகுதியைப் படித்தாள். பவ்யாவுக்கு இரண்டாம் முறை வேலைக்கு அழைப்பு வருகிறது, ரங்கநாதனிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறாள், அத்தோடு பகுதி முடிகிறது. முனிகிருஷ்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"அவன இன்னாத்துக்கு கேக்கணும்? போய் சேந்துட்டு வந்து சொல்லட்டும்."

"சபீனா வந்துட்டுப் போனா. அந்த எடம் மறுபடி காலியா இருக்காம். நான் திங்கக்கிழம சேரப் போறேன்" என்றாள் தேவசேனா.

அவன் கை தட்டில் நின்றது. கதை வேறு, வீடு வேறு என்றான். வீடு என்றால் ஆயிரம் இருக்கும், ரயிலில் கூட்டம், மழைக்காலம், நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள், கடைக்காரன் பெண்டாட்டிக்குச் சோற்றுக்கு வழியில்லையா என்பார்கள். இதையெல்லாம் எழுதுகிறவர்களுக்கு என்ன தெரியும் என்றான். கடைசியில் எங்கே வந்து நிற்பானோ அங்கேயே வந்து நின்றான்.

"நான் கேக்கறேன், உனக்கு இன்னா கொறை..."

பாதியில் அவனுக்கே கேட்டுவிட்டது. வாயை மூடிக்கொண்டான். தட்டில் கையைக் கழுவினான், செருப்பு மாட்டினான், போய்விட்டான். ஊற்றி வைத்த ரசம் அப்படியே இருந்தது.

அவன் போன பிறகு அவளுக்கு வெற்றி பெற்ற மாதிரி இருந்திருக்க வேண்டும். இல்லை. வாசகர்கள் யாராவது இங்கே இருந்தால் கைதட்டியிருப்பார்கள், மழைத்துளி வக்கீலையே கூட்டிக்கொண்டு வந்திருப்பாள். ஆனால் அவர்களுக்கு ரங்கநாதனைத்தான் தெரியும், அதுவும் அவள் காட்டிய அளவுக்கு. அவளுக்கு டைபாய்டு வந்து படுத்தபோது கடையைப் பூட்டிவிட்டுப் பாத்திரம் தேய்த்தவன் இவன், அவளுடைய தலைமுடியைச் சிக்கெடுத்துக் கோணல்மாணலாகப் பின்னிவிட்டவன். அதை அவள் கதையில் எழுதவில்லை. எழுதியிருந்தால் யாரும் இந்த அளவுக்குத் திட்டியிருக்க மாட்டார்கள், கதையும் இந்த அளவுக்கு ஓடியிருக்காது. நல்லவன் ஒருவன் சிரித்துக்கொண்டே வழியை மறித்தால் அவனை என்ன செய்வது என்று எந்த வாசகரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவள்தான் யோசிக்க வேண்டியிருந்தது. பாத்திரம் தேய்த்ததும் நிஜம், சிரித்ததும் நிஜம். ஒன்றைக் காட்டி மற்றதைக் கழித்துவிட முடியாது. அவள் சபீனாவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவன் வந்தான். உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள், சபீனாவிடம் சரி என்று சொல்லியாகிவிட்டது என்று. அவன் தலையை ஆட்டினான். சரி என்றா, கேட்டுவிட்டது என்றா, தெரியவில்லை. ரொம்ப நேரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தவன் தன் கைப்பேசியை எடுத்து நீட்டினான்.

"அந்த பொண்ணு எழுதிச்சே, குடுத்து வச்சவங்கன்னு. அது எங்க கீது, காட்டு."

அவள் எடுத்துக் காட்டினாள். பதில் சொல்ல எங்கே அழுத்த வேண்டும் என்று கேட்டான். அதையும் காட்டினாள். அவன் மைக்கை அழுத்திக்கொண்டு, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினான்.

"இல்லம்மா. அது ஒண்ணும் குடுத்து வச்சது இல்ல. கதைல வர்ற கேள்விய கேட்டவன் நான்தான். அந்த ரங்கநாதன் நான்தான்."

சரியாக விழுந்திருக்கிறதா என்று கேட்டான். அவள் படித்துக் காட்டினாள். போட வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அத்தனை பேரும் இப்போது இவன் மேல் பாய்வார்கள், இவன் தாங்குவானா? அதற்குள் அவன் அழுத்திவிட்டான்.

பதில்கள் மளமளவென்று வந்து விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் கைப்பேசி கிணுகிணுத்தது, அவன் ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து உட்கார்ந்தான், அடி வாங்கத் தயாராக. இன்னா சொல்றாங்க, படி என்றான். அவள் படித்தாள்.

விழுந்து விழுந்து சிரிக்கும் முகங்கள் ஒரு வரிசை. "அண்ணா செம காமெடி." அதற்குக் கீழே மழைத்துளி: "ஆம்பளைங்க எல்லார் சார்பாவும் பழியைத் தன் மேல போட்டுக்கறார் பாருங்க, இந்த மனசு யாருக்கு வரும்?" அதற்கும் கீழே வேலூர் ஆசிரியர்: ஒவ்வோர் ஆணுக்குள்ளும் ஒரு ரங்கநாதன் இருக்கிறான் என்பதைச் சகோதரர் அழகான உருவகமாகச் சொல்லியிருக்கிறார், பாராட்டுகள்.

"உருவகம்னா இன்னா?" என்றான் முனிகிருஷ்ணன்.

"நெசத்தச் சொல்லல, சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றீங்கன்னு சொல்றாரு."

அவன் கைப்பேசியை வாங்கி, தன்னால் படிக்க முடியாத அந்த வரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "நெசமாத்தானே சொன்னேன்" என்றான்.

"எனக்குத் தெரியும்" என்றாள் தேவசேனா.