நூல் கனத்தில் தண்ணீர்

எங்கள் வீட்டின் தெருப்பக்கச் சுவரில் ஒரு குழாய் இருக்கிறது. அப்பா போட்டது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். எங்களைக் கேட்க வேண்டியதில்லை. தெருவில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறதென்றால் அந்தக் குழாயால்தான். அதை மூடப்போவதாகச் சுகாதார ஆய்வாளர் வந்து நின்றபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது.

"தண்ணியில ஃபுளோரைடு அளவுக்கு மேல இருக்குங்க. இந்தத் தெருப் பிள்ளைங்க பல்லைப் பாருங்க, எல்லாம் பழுப்பு. அடுத்த வாரம் வர்றேன். இப்படியே இருந்தா குழாயைக் கழட்டிடுவேன்."

கழற்றினால் ஊர் என்ன சொல்லும்? அப்பா தெருவுக்கே விஷம் கொடுத்தார் என்று சொல்லும்.

தம்பி மகள் அலுமினிய ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். விஷயம் கேள்விப்பட்டு, இரண்டு மூட்டை செங்கல் நிற உருண்டைகளோடு வந்தாள்.

"ஆலைச் சேறு, பெரியப்பா."

"எது, குளம் குளமா தேக்கி வச்சிருக்கீங்களே, மழை பெஞ்சா ரோட்டுக்கு வருதே, அந்தக் கண்றாவியா? அதை நம்ம தண்ணியில போடுறதா?"

"அப்படியே போட்டா என்னைத் துரத்துங்க. இது அமிலத்துல அலசி, திரும்பத் திரும்பத் தண்ணியில கழுவி, உருண்டை பிடிச்சுச் சூளையில சுட்டது. ஃபுளோரைடு இதுல ஒட்டிக்கும். சேத்துல இருந்து எதுவும் தண்ணிக்கு வரலைன்னு சோதிச்சும் பாத்தாச்சு."

வாதாட எனக்குத் தெம்பில்லை. சரி என்றேன். சுவருக்கு உள்பக்கம் பெரிய பிளாஸ்டிக் பீப்பாயை வைத்து, அதில் உருண்டைகளை நிரப்பி, தண்ணீர் அதன் வழியாகக் குழாய்க்கு வரும்படி பொருத்தினாள். வால்வை நூல் கனத்துக்கு மட்டும் திறந்து கம்பியால் கட்டினாள்.

"தண்ணி உருண்டைங்களோட கொஞ்ச நேரம் தங்கினாத்தான் ஒட்டும். யாரும் இதை அவிழ்க்கக் கூடாது."

சொன்னபடி அடுத்த வாரம் ஆய்வாளர் காலையிலேயே வந்தார். குழாயடியில் எதிர்வீட்டுத் தையல்காரம்மா குடத்தோடு நின்றிருந்தாள்.

"என்ன ஐயா, குழாய்க்குச் சளி பிடிச்சிருக்கா? மூக்கு ஒழுகுற மாதிரி ஒழுகுது."

பின்னால் நின்ற லாரி ஓட்டுநர் சிரித்தார். ஆய்வாளரும் சிரித்தார்.

அப்பா இருந்தவரை, குடம் வழிந்த பிறகுதான் குழாயை மூடுவார். ஓர் அதிகாரி பார்க்க, பிச்சை போடுவதுபோல் எங்கள் தண்ணீர் ஒழுகுவதை என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே போனேன். கம்பியை அவிழ்த்து வால்வை முழுக்கத் திறந்தேன். தண்ணீர் கொட்டியது. ஆய்வாளர் அதில்தான் தன் குப்பியை நிரப்பினார். சிவப்பு மருந்தைச் சொட்டினார். ஃபுளோரைடு மிகுந்தால் அது மஞ்சளாகும். மஞ்சளாயிற்று.

"பழைய கதைதான்" என்று பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார்.

அப்போதுதான் தம்பி மகள் வந்து சேர்ந்தாள். மஞ்சளைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது.

"ஆலைக் குப்பைதானேம்மா, அதுகிட்ட வேற என்ன எதிர்பார்த்தே?" என்றார் லாரி ஓட்டுநர்.

கம்பி என் சட்டைப்பையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவள் தலையில் விழுந்துவிடும். அவளும் எங்கள் வீட்டுப் பெண்தான்.

"நிறுத்துங்க. வால்வைத் திறந்தது நான்." கம்பியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"ஏன் பெரியப்பா?"

"ஒழுகல் தண்ணி கொடுக்குற வீடுன்னு பேர் வாங்க வேண்டாம்னுதான்."

"குழாயே இல்லாத வீடுன்னு பேர் வாங்கப் பாத்தீங்களே!"

தெருவில் வைத்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்கட்டும் என்று நின்றேன்.

ஆய்வாளர் ஸ்பேனரைப் பையில் போட்டார். "மத்தியானம் திரும்ப வர்றேன். அதுக்குள்ள சரி பண்ணுங்க."

அவள் வால்வைக் குறுக்கிக் கட்டினாள். பீப்பாயில் நின்ற பழைய தண்ணீர் முழுக்க ஒழுகித் தீரும்வரை இருவரும் காத்திருந்தோம். மதியம் ஆய்வாளர் மருந்தைச் சொட்டியபோது சிவப்பு சிவப்பாகவே நின்றது.

"குழாய் இருக்கட்டும். உருண்டையைக் காலாகாலத்துல மாத்துங்க. மறுபடி யாராச்சும் திறந்துவிட்டா, அன்னிக்கே கழட்டிடுவேன்."

"கழட்டுங்க" என்றேன்.

மாலையில் குழாயடி வரிசை நகரவே இல்லை. தையல்காரம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, உங்க வீட்டுத் தண்ணியும் உங்களை மாதிரிதான். லேசுல இறங்கி வராது."

முன்னறையில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து போட்டேன். முதுகு விண்விண் என்று வலித்தது. காக்க வைக்கலாம், எங்கள் வாசலில் ஒருவரை நிற்க வைக்கக் கூடாது. தையல்காரம்மா உட்காரத் தயங்கினாள்.

"உக்காரும்மா" என்றேன். குடத்தில் கால்வாசிகூட நிரம்பியிருக்கவில்லை.